மாதா சுரூபத்தைத் தொட்டுச் சொன்ன ஓட்டு

தேர்தல் நெருங்கினால் எங்கள் கடற்கரையில் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு நடக்கத் தொடங்கிவிடும். "கோயில்ல என்ன சொன்னாவ?" யாருக்கு ஓட்டுப் போடச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி, அதை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. மீன் ஏலம் போடும் மணலில், தண்ணீர்க் குழாயடியில், சாயங்கால ஜெபமாலை முடிந்து கலைகிற பெண்கள் நடுவில் எல்லாம் இதே பேச்சு. ஆண்களில் பலர் அப்போது ஆழ்கடலில் இருப்பார்கள். தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கடலில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டும் கிடையாது. ஆகவே எங்கள் ஊரில் ஓட்டு என்றால் பெரும்பாலும் பெண்களின் ஓட்டு. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களும் அவர்கள்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு. இந்துக்கள் அதைவிடச் சற்றே கூடுதல். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இந்தக் கணக்கு இல்லை. வேட்பாளரைத் தேடும்போதே எல்லாக் கட்சியும் இந்த இரண்டு எண்களையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. எங்கள் கோயில் மணி அடித்தால் எத்தனை ஓட்டு விழும் என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொள்வதை நான் தேநீர்க் கடையில் நின்று கேட்டிருக்கிறேன். பிறந்த நாளிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வியும் எடுத்தேன். இந்தக் கேள்வி எனக்குள் எப்படி மாறிப்போனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் அம்மா சாமி, அதாவது பங்குத்தந்தை, சொன்னபடி போடுகிறவள். வாக்குச்சீட்டுக் காலம் அது. சின்னத்தின் மேல் முத்திரை குத்திவிட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அதில் அடிமைத்தனம் எதையும் நான் பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு, ஊரில் படித்தவராக, காசுக்கு ஆசைப்படாதவராக அவள் அறிந்திருந்த ஒரே மனிதர் பங்குத்தந்தை. மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்பதும் அவரிடம்தான், சங்கத்துக் கடன் தாளைக் காட்டிக் கேட்பதும் அவரிடம்தான். ஓட்டை மட்டும் கேட்காமல் விட அவளுக்குக் காரணம் இருக்கவில்லை.

பிறகு 1982 வந்தது. மார்ச் மாதம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே தொடங்கிய கலவரம் கடற்கரை நெடுகப் பரவியபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நீதிபதி வேணுகோபால் ஆணையம் அதை விசாரித்தது. அந்த நாட்களைப் பற்றி இரு தரப்பிலும் இன்றுவரை ஆறாத கதைகள் இருக்கின்றன, அவற்றை இங்கே கிளற வரவில்லை. ஓட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஓட்டு என்பது பயத்தின் கையில் போய்விட்டது. யார் வந்தால் நமக்குப் பாதுகாப்பு, யார் வந்தால் ஆபத்து, அவ்வளவுதான். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது அந்தப் பயம் மறுபடி எழுந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டதும், ஓட்டுக்குச் சக்தி இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தன்னையும் தன் பிள்ளைகளையும் காத்துக்கொள்ள ஒருவர் ஓட்டுப் போட்டால் அதைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வராது. சிறுபான்மையாக வாழ்ந்து பார்க்காதவர்கள் அதைச் சாதி ஓட்டு, மத ஓட்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் பயம் போட்ட ஓட்டைத் தாண்டி மனசாட்சி போடுகிற ஓட்டு என்று ஒன்று இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் பங்குத்தந்தையும் இல்லை, ஆயரும் இல்லை. தலையில் கடவம் சுமந்து ஊர் ஊராக மீன் விற்கிற ஒரு அக்கா.

ஒரு சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வாரம். மத்தியானம் வியாபாரம் முடிந்து வந்தவர், கடவத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் நின்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், ஒரு காரியம் கேக்கணும். பாவமா இல்லியான்னு சொல்லணும்."

முந்தின இரவு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்நியர்கள் இல்லை, ஒருவனுக்கு ஞானஸ்நானத்தின்போது இவரே கூட நின்றவர். கவரில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணி, அதற்குக் கணக்காகக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. வீட்டுப் பீடத்தில் இருந்த மாதா சுரூபத்தைக் காட்டி, "தொட்டுச் சொல்லு அத்தை" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தொட்டுச் சொல்லிவிட்டார்.

"கடல் வீட்டுக்குள்ள ஏறுனப்போ வந்து நின்னது மத்த ஆளு டீச்சர். சட்டி பானை எல்லாம் எடுத்து மேட்டுல வச்சது அந்த ஆளுகூட வந்த பிள்ளைகதான். அவருக்குப் போடணும்னுதான் மனசுல இருந்தது. இப்ப மாதாவத் தொட்டுச் சொல்லிட்டேனே. மாத்திப் போட்டா மாதா கோவிப்பாளா?"

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பாதி மருந்துக்குப் போய்விட்டது என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. காசு வாங்கி ஓட்டுப் போடுகிற ஜனங்கள் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். திருமங்கலத்தில் 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே பணப் பட்டுவாடாவுக்கு அடைமொழியாகிப் போனது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே.நகரிலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணம் கொடுத்ததற்காகவே தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தியது. இதையெல்லாம் படிக்கும்போது மனசாட்சி செத்துப்போன ஒரு கூட்டம் நம் கண்முன் வருகிறது. என் திண்ணையில் நின்ற அக்காவுக்கு மனசாட்சி சாகவில்லை. அளவுக்கு மேல் உயிரோடு இருந்தது. வாங்கிய காசுக்கும் கொடுத்த வாக்குக்கும் துரோகம் செய்யக் கூடாது என்று அது அவரை இரவு முழுக்கத் தூங்க விடவில்லை. காசு கொடுத்தவர்களுக்கும் அது தெரியும். மாதாவுக்குப் பயப்படுகிற மனசு என்று தெரிந்துதான் மாதாவைக் காட்டினார்கள். பக்தியைப் பிணையாக வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவரை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனேன். அப்போது இருந்தவர் நடுவயது, அதிகம் பேசாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "கெட்ட காரியத்துக்குச் செய்ற சத்தியம் செல்லாது அம்மா. மாதா அதுக்குச் சாட்சி நிக்க மாட்டா" என்றார். அக்காவின் முகம் இளகியதை நான் பார்த்தேன். பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். "அவங்ககிட்ட திருப்பிக் கொடுக்க வேண்டாம். கொடுத்தா அடுத்த வீட்டுக்குத்தான் போகும். முடியிறப்போ கொஞ்சம் கொஞ்சமா உங்களவிட இல்லாத ஒருத்தருக்குக் கொடுங்க. மருந்துக்குப் போனத நெனச்சுக் கலங்க வேண்டாம்."

அந்தப் பதில் அவருடைய இரக்கத்திலிருந்து வந்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு அவரிடமே கேட்டுப் படித்தபோது அது பழைய போதனை என்று தெரிந்தது. பொதுநலனுக்கோ பிறருக்கோ தீங்காக முடியும் செயலுக்கு ஆணையிட்டாலும், அந்த ஆணையால் அச்செயலுக்கு எந்த வலுவும் கூடாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1201-ஆம் விதி சொல்கிறது. வஞ்சனையாலோ வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ வாங்கிய ஆணை தானாகவே செல்லாது என்பது அதற்கு முந்தைய விதி. கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே நெறியை மீறிக் கைமாறிய பொருளைக் கொடுத்தவருக்குத் திருப்பித் தரக் கூடாது, தருமத்துக்குப் போக வேண்டும் என்பது 13-ஆம் நூற்றாண்டிலேயே தூய தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தது. நாட்டின் சட்டத்திலும் ஓட்டுக்குப் பணம் கொடுப்பதோடு வாங்குவதும் குற்றம்தான். இத்தனையும் எங்களிடம் இருந்தது. கடவம் சுமக்கிற அக்காவின் வீட்டுப் பீடம் வரைக்கும் அது வந்து சேரவில்லை. பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு ஓட்டைப் பற்றி ஒரு பாடம் மறைக்கல்விப் புத்தகத்தில் நான் கற்பித்த காலத்தில் இருக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 16-ஆம் பத்தியை அதற்குப் பிறகுதான் நான் ஊன்றிப் படித்தேன். மனசாட்சியை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் இடமாக அது பேசுகிறது. அதே பத்தியில், மனசாட்சி அறியாமையால் வழிதவறலாம் என்றும், அப்போதும் அதன் மாண்பு போய்விடாது என்றும் வருகிறது. உண்மையைத் தேட அக்கறை இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்றும் உடனே சேர்த்திருக்கிறார்கள். முதல் பாதி அந்த அக்காவுக்கு எழுதியது. இரண்டாம் பாதி படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுதியது என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து ஓட்டுப் போடும் நாளைவிட அதற்கு முந்தைய மாதங்கள் எனக்கு முக்கியமாகிவிட்டன. வேட்பாளரைப் பற்றி, சட்டங்களைப் பற்றி, பக்கத்து ஊரின் குறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள முயலாமல், வாக்குச்சாவடிக்குள் நுழைந்த பிறகு மனசாட்சியைக் கூப்பிட்டால் அது வெறும் பழக்கத்தைத்தான் சொல்லும்.

அதே தேர்தலில் ஊரில் ஒரு மனத்தாங்கலும் நடந்தது. பக்கத்துப் பங்கில் சாமி ஒரு வேட்பாளரைக் கைகாட்டிவிட்டார் என்று பேச்சு. எங்கள் சாமி ஒன்றும் சொல்லவில்லை. பங்குப் பேரவையில் சிலர் கோபப்பட்டார்கள். ஓட்டு சிதறிவிடும், சிதறினால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. 1982-ஐப் பார்த்தவள் நான். அவர் சொன்ன பதில் இதுதான்: "நான் பேர் சொன்னா நீங்க எனக்காகப் போடுவீங்க. நாளைக்கு அந்த ஆள் தப்புப் பண்ணினா என்னைக் கேப்பீங்க. அவரைக் கேக்க மாட்டீங்க."

அவர் கைகாட்டாமல் இருந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. குருக்கள் அரசியல் கட்சிகளில் முனைந்து ஈடுபடக் கூடாது என்பது திருச்சபையின் 287-ஆம் விதி. திருச்சபையின் உரிமைகளைக் காக்கவோ பொதுநலனுக்காகவோ மேலதிகாரம் தேவை என்று கருதினால் மட்டும் விலக்கு. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதத்தோடு வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அவர் அப்படி இருந்ததாக நான் நினைக்கவில்லை. என் அம்மாவின் காலத்தில் படித்தவர் ஒருவரே இருந்தார். இப்போது வீட்டுக்கு ஒரு பட்டதாரி. இனிமேலும் சாமி தீர்மானித்துக் கொடுத்தால் எங்களைக் குழந்தைகளாகவே வைத்திருப்பதாகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு காயமும் எனக்கு உண்டு. பள்ளியில் என்னோடு வேலை பார்த்த, நான் மிகவும் மதித்த இந்து ஆசிரியை ஒருவர், தேர்தல் வேலைக்கான பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்தார். தேர்தல் பணிக்குப் போகும் எங்களுக்குத் தபால் ஓட்டு. பயிற்சி மையத்திலேயே மேசையில் வைத்துச் சீட்டில் குறியிட்டு, உறையிலிட்டு, உறுதிமொழிப் படிவத்தோடு பெட்டியில் போட்டோம். நான் குறியிட்டதும் அவர் தலையைத் திருப்பாமலே, "உங்களுக்கு என்ன டீச்சர், யோசிக்கிற வேலை சாமியாருக்கு" என்றார். பகையில் சொன்னதல்ல. அப்படித்தான் அவர் நம்பியிருந்தார். அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது.

இந்தச் சந்தேகம் பழையது, உலகம் முழுவதும் உள்ளது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாப்பரசரின் தவறா வரத்தை முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்த சில ஆண்டுகளில், 1874-ல், இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் கத்தோலிக்கர்கள் இனி நாட்டுக்கு உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். ஜான் ஹென்றி நியூமன் அடுத்த ஆண்டு நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் மனசாட்சியைக் கொண்டு அதற்குப் பதில் சொன்னார். திருச்சபைக்குக் கீழ்ப்படிகிறவனின் மனசாட்சியைத் திருச்சபை பறித்துக்கொள்வதில்லை என்பது அவருடைய வாதத்தின் உயிர். மனசாட்சியின் பெயரைச் சொல்லித் தன் இஷ்டப்படி நடப்பதையும் அதே கடிதத்தில் அவர் கண்டிக்கிறார். 2019 அக்டோபரில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1960-ல் கென்னடி அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோதும் இதே கேள்வி. ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. என் சக ஆசிரியையிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. ஆனால் அடுத்த தேர்தலுக்கு முன் இரண்டு வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களையும் அச்செடுத்துக்கொண்டு போய், இருவரும் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து படித்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது உண்மை. படித்து முடித்தபோது இருவருக்குமே நிம்மதி இல்லை.

'நம்ம ஆள்' என்ற பேச்சும் எனக்குள் கரைந்துபோனது. அதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே நடந்த ஒன்று. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள் சாதியின் பேரால் மோதல். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் நாம் கட்சிகளிடம் கேட்பது, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேருங்கள் என்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களை வெளியே வைத்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்கு இன்னும் இல்லை. அது நியாயமான கோரிக்கை, அதற்காக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் எறையூருக்குப் பிறகு, வேட்பாளரின் கழுத்தில் சிலுவை கிடப்பதை மட்டும் பார்த்து ஒரு ஓட்டுப் போட என்னால் முடியவில்லை. தலித் மக்களைச் சமமாக நடத்தாத கிறிஸ்தவ வேட்பாளரும், அவர்களோடு நிற்கிற வேற்று மதத்தவரும் எதிரெதிரே நின்றால் என் ஓட்டு எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஏட்டில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் 2020-ல் கேட்டது வேறு மாதிரி. கருக்கலைப்பை ஆதரிக்கிற கட்சிக்குப் போட்டால் நற்கருணை வாங்கக் கூடாது என்று அவனுடைய பங்கில் சிலர் சொல்கிறார்களாம். எதிர்ப் பக்கம் போட்டால் அகதிகளையும் ஏழைகளையும் கைவிட்டதாகுமே என்று அவனுக்குத் தவிப்பு. "சித்தி, நீங்க மறைக்கல்வி டீச்சர்தானே, சொல்லுங்க." 2004-ல் கர்தினால் ராட்சிங்கர், பிறகு பதினாறாம் பெனடிக்ட் ஆனவர், அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். ஒரு வேட்பாளரின் அந்த நிலைப்பாட்டுக்காகவே அவருக்குப் போடுவது தீமைக்குத் துணைபோவது; அதை ஏற்காமல் வேறு காரணங்களுக்காகப் போடுவதற்கு, அதற்கு ஈடான கனமுள்ள காரணம் இருந்தால் இடமுண்டு என்பது அதன் சாரம். காரணம் கனமுள்ளதா என்று எடைபோட வேண்டியவன் நீதான் என்றேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்ததிலிருந்து அது இங்கே கட்சிச் சண்டையானதில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதையும் எந்த மேடையிலும் மதக் கேள்வியாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. கருவில் இருக்கும் உயிருக்காக நிற்கிற கட்சி என்று ஒரு பொத்தான் நம் இயந்திரத்தில் கிடையாது. அதற்காக அந்த உயிரைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருந்துவிடலாம் என்றும் ஆகாது. அவனுடைய நாட்டுக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவைக்கிற காணொளிகள் இப்போது எங்கள் பெண்களின் கைபேசிக்கும் வருகின்றன. அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாதா சுரூபத்தின் கதைக்குப் பிறகு எங்கள் அன்பியத்தில், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், ஒரு பழக்கம் வந்தது. தேர்தலுக்கு முந்தைய மாதக் கூட்டத்தில் விவிலிய வாசகம் முடிந்ததும் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைச் சத்தமாக வாசிப்போம். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. யாருக்குப் போட வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது என்பது மட்டும் கட்டுப்பாடு. முதல் தடவை பெண்கள் கூச்சப்பட்டார்கள். வேட்பாளர் ஒருவருடைய மனைவியின் நகைக் கணக்கு வந்தபோது பேச்சே அடங்கிவிட்டது. பிறகு கேள்விகள் வந்தன. கொலை முயற்சி வழக்கு இருக்கிறதே, அது நிஜமா, போராட்டத்தில் போட்ட வழக்கா? ஒக்கி புயலுக்குப் பிறகு காணாமல் போனவர்களின் வீடுகளுக்கு இவர் வந்தாரா? 2017 நவம்பர் கடைசி நாட்களில் போன பிள்ளைகளின் தாய்மார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் உள்நாட்டுப் பெண்களுக்குக் கூலி என்ன ஆனது என்று ஒருத்தி கேட்டபோது, நம்ம ஊர்க் காரியம் பேசவே நேரமில்லை என்று இன்னொருத்தி தடுத்தாள். தடுத்தவளைப் பார்த்து, "அவளும் பிள்ளை பெத்தவதானே" என்றார் கடவம் சுமக்கிற அந்த அக்கா.

அந்தப் பணத்தை அவர் எப்படிக் கொடுத்துத் தீர்த்தார் என்று நான் கேட்டதில்லை. தெருவில் தனியாக இருந்த ஒரு கிழவி வீட்டு வாசலில் வியாபாரம் முடிந்து திரும்பும்போது அவர் கடவத்தை இறக்குவதை நெடுநாள் பார்த்திருக்கிறேன். எந்த வேட்பாளருக்குப் போட்டார் என்றும் கேட்கவில்லை.

சென்ற தேர்தலில் எங்கள் அன்பியத்தில் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணுக்கு முதல் ஓட்டு. பத்திரங்களை அவள்தான் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, தனக்கு யாருக்கும் போட மனமில்லை, நோட்டாவை அழுத்தப் போகிறேன் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்தப் பொத்தான் வந்தது. அதற்கு முன் யாருக்கும் போட விரும்பாதவர் 49-ஓ விதிப்படி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். தேர்தல் பணியில் இருந்தபோது அதைக் கேட்கத் துணிந்தவர்களைச் சாவடியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். இப்போது ரகசியம் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் எத்தனை பேர் நோட்டா போட்டாலும் அடுத்த நிலையில் இருப்பவர் ஜெயித்துவிடுவார். இரண்டு பேரில் குறைந்த தீங்கு யாரால் என்று பார்த்துப் போடுவதும் மனசாட்சியின் வேலைதான் என்று அவளிடம் வாதாடினேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். "டீச்சர், நான் சோம்பல்ல சொல்லல. ரெண்டு பேரையும் பத்தி ஒரு மாசமாப் படிச்சேன். ரெண்டு பேரும் கடலோர மண்ணு அள்ளுறதப் பத்தி வாயே தெறக்கல. அதுக்கு என் கையெழுத்து வேண்டாம்." அதற்கு மேல் நான் பேசவில்லை. நான் அவளாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். அவள் அப்படிச் செய்ததில் ஒரு குறையும் காண முடியவில்லை.

தேர்தல் முடிந்த பிறகு கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டு அவளே ஒரு மனு எழுதினாள். கடல் எங்கள் தெருவின் கடைசி வரிசை வீடுகளைத் தின்று கொண்டிருக்கிறது. ஜெயித்தவருக்கு ஒரு பிரதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு பிரதி. ஜெயித்தவருக்குப் போட்ட பெண்களும் போடாத பெண்களும் கையெழுத்திட்டார்கள். அக்கா கைநாட்டு வைத்தார். ஆய்வு செய்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. எப்போது என்று அதில் இல்லை. தேதி கேட்டு அடுத்த கூட்டத்துக்கும் போகிறோம்.